முதுகில்லாத கேமரா

எங்கள் அண்ணியிடம் ‘கிட்டத்தட்ட’ என்று சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. பால்காரர் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் என்றால், அளவுக் குவளையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். தையற்காரர் ஜாக்கெட்டை நீட்டி, “கிட்டத்தட்ட நீங்க சொன்ன அளவுதாம்மா” என்றால் அங்கேயே இஞ்ச் டேப்பைக் கேட்டு வாங்குவார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் தனக்குக் கிட்டத்தட்ட எண்பது வயது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். ரசம் வருவதற்குள் எழுபத்தாறுதான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. நான் எதிர் வரிசையில் இருந்தேன். அந்த மனிதர் பாயசத்தைக்கூட நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அண்ணி இப்போது இல்லை. இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு நாலு இடத்தில் திருத்தச் சொல்லியிருப்பார்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோதே அந்தப் படிப்பைப் படித்திருந்தார். குழம்பில் உப்பு முன்னே பின்னே இருந்தாலும் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். எங்கள் எல்லாருடைய எலும்பையும் அவர் பார்த்திருந்தார். ஒருமுறை கொளவாய் ஏரி வளைவில் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனேன். படம் எடுத்தார். உள்ளே போய்க் கழுவிப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஆடிட்ட தம்பி. இன்னொன்னு எடுக்கணும்.”

“அண்ணி, கிட்டத்தட்ட தெரியுதுன்னா விட்டுடுங்களேன். வலி உசுரு போவுது.”

“கிட்டத்தட்ட தெரிஞ்சா கிட்டத்தட்டத்தான் கட்டு போடுவாங்க. கைய வெய்யி. மூச்சப் புடி.”

“கைக்கு எதுக்கு அண்ணி மூச்சு?”

“ஆளு அடங்குனாத்தான் கை அடங்கும். புடி.”

பிடித்தேன். வேறு வழி? அந்த எக்ஸ்ரே அறைக்குள் டாக்டரே அவர் சொன்னால் மூச்சைப் பிடிப்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவர் என் அண்ணன். அவரைப் பற்றி நாலு வரி சொன்னால்தான் அண்ணியைப் பற்றிச் சொல்ல முடியும். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி இருக்கிற தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஓட்டினார். நல்ல மனுஷன், கலகலப்பானவர். நாற்பது வயதுக்கு மேல் உதட்டோரம் ஒரு வெண்புள்ளி விழுந்தது. பிறகு கண்ணைச் சுற்றி. பிறகு கன்னம், கழுத்து, கைவிரல்கள். இது தொற்றாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டர் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். நாங்கள் நம்பினோம். பஸ்ஸில் வருகிற பிள்ளைகளும் கண்டுகொள்ளவில்லை. அண்ணன்தான் மாறிப்போனார். விசேஷ வீடுகளில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சவரம் செய்யும்போதுகூடக் கண்ணாடியை முழுசாகப் பார்ப்பதில்லை. யாராவது போனைத் தூக்கினால் போதும், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்துவிடுவார். அந்த வருஷங்களில் எடுத்த எங்கள் குடும்பப் படம் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். அண்ணன் இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இருக்கும்.

அவர்களுக்கு ஒரே பெண். நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது.

முதல் வரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குக் காலையில் அண்ணன், திடீரென்று டூட்டி போட்டுவிட்டார்கள் என்று சொல்லிக் கிளம்பிப் போனார். வந்தவர்கள் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வாய்நிறையச் சொல்லி, கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வீடு முழுக்கச் சிரிப்பு. சாயங்காலம், அண்ணனுக்கு யாரும் டூட்டி போடவில்லை, இன்னொரு டிரைவரிடம் கெஞ்சி அவரே கேட்டு வாங்கியது என்று அண்ணிக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. எங்கள் எல்லார் முன்னாலும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார்.

“எங்க வூட்டுக்காரருக்கு மூஞ்சில வெண்புள்ளி கீது. நீங்க பாத்துடப் போறீங்கன்னுதான் இன்னிக்கு அவரா டூட்டிக்குப் போயிட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழம வந்தீங்கன்னா அவரையும் பாத்துட்டுப் போலாம்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

பெரியம்மா வந்து மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினார். பெற்ற மகள் வாழ்க்கையில் யாராவது விளையாடுவார்களா என்று கேட்டார். எனக்கும் கோபம்தான். கல்யாணத்துக்கு அப்புறம் மெள்ளச் சொல்லிக்கொள்ளலாமே என்றேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை எடுக்காமலே பதில் சொன்னார்.

“மறச்சிக் கட்டிக் குடுத்தா அவரு காலம் பூரா மறைஞ்சிகினே இருக்கணும் தம்பி. வளகாப்புன்னாலும் டூட்டி, பேரன் பொறந்தாலும் டூட்டி. ஒரு அப்பன் பொண்ணு வூட்டுக்கு இருட்டுனப்புறமா போயி வாசல்ல நின்னுட்டு வரணுமா? அது ஆவாது. இந்த மூஞ்சியோடதான் அவரு அந்த வூட்டுக்குள்ள போவணும்.”

அதற்குமேல் நான் பேசவில்லை. ஆனால் தரகர் பேசினார். ஜாதகத்தோடு குடும்பப் படம் ஒன்று வேண்டும், எல்லாரும் கேட்கிறார்கள் என்றார். எங்கள் அத்தை மகள் ஒருத்தி, அண்ணன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்திருக்க முடியாத நேரம் பார்த்து போனில் படம் எடுத்துவிட்டாள். எடுத்து, அதில் என்னவோ பூசி, மெழுகி எங்களுக்கு அனுப்பியும் வைத்தாள். படத்தில் அண்ணன் முகத்தில் ஒரு புள்ளி இல்லை. இருபது வயது குறைந்து, ரோஜாப்பூ நிறத்தில் இருந்தார். அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டார். அண்ணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது யாரு?”

“நாந்தான்.”

“எனக்கு இன்னொரு புருசன் கீறதா யாரும் சொல்லலியே. இந்த ஆளுக்கு நான் ஒரு நாளும் சோறு போட்டதில்ல. இவர அனுப்பாதீங்க.”

நாங்கள் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. போனை மூடி வைத்துவிட்டுப் பஸ் கழுவப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையில் எல்லாம் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே ஆனது. ஃபிலிமும் வேண்டாம், இருட்டறையும் வேண்டாம். ரிசப்ஷனைப் புதுசாகக் கட்டினார்கள். அங்கே ஒரு மூலையில் பெரிய டாக்டரின் தகப்பனார் காலத்து மரக் கேமரா ஒன்று அலங்காரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. மூன்று மரக்கால், பித்தளை லென்ஸ், துருத்தி மாதிரி மடியும் தோல். பூச்சாடி வைக்க இடம் வேண்டுமென்று அதைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். அண்ணி கேட்டார், டாக்டர் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். காலாவதியான எக்ஸ்ரே ஃபிலிம் நாலைந்து பெட்டியும் கூடவே வந்தது. சொல்லி வாங்கிக்கொண்டதுதான்.

எனக்கு அப்போது கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை. என் ஆட்டோக்கார நண்பனைக் கூட்டிக்கொண்டு வந்து அதை ஏற்றிப்போகச் சொன்னார். வழியெல்லாம் எனக்கு எரிச்சல்.

“ஊரே கையில கேமரா வெச்சிகினு திரியிது. இத இன்னா பண்ணப் போறீங்க?”

“போன்ல எடுக்குறது திருடுற மாரி. அவரு அசந்த நேரம் பாத்து எடுக்கணும். இதுல திருட முடியாது. அவரா வந்து ஒக்காந்து, அவரா ஆடாம இருந்தாத்தான் படம். அதுக்குதான்.”

கொஞ்ச நேரம் கழித்து, “இத்தினி வருசத்துல நான் எடுத்த படத்த ஒருத்தராவது செவுத்துல மாட்டிக்கீறாங்களா?” என்றும் சொன்னார்.

கேமராவைக் கூடத்தில் நிறுத்தி அளந்தார். பின்பக்கம் ஆறரைக்கு எட்டரை இஞ்ச். கை, கால் எக்ஸ்ரேக்கு வைக்கும் ஃபிலிமும் அதே ஆறரைக்கு எட்டரை. அண்ணி முகத்தில் அப்படி ஒரு வெற்றிக்களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சாமான் இல்லை. முன்னால் முகம் இருந்தது, நடுவில் உடம்பு இருந்தது, முதுகு இல்லை. அந்தக் கேமராவின் பின்னால் ஒரு மங்கிய கண்ணாடி இருக்கும். கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால் எதிரே இருப்பது அதில் தலைகீழாகத் தெரியும். தெளிவாகத் தெரியும்படி திருகி வைத்துவிட்டு, கண்ணாடியை விலக்கி, அந்த இடத்தில் ஃபிலிம் வைத்த மரச்சட்டத்தைச் செருக வேண்டும். அதற்குப் பெயர் ஹோல்டர். ஃபிலிமின் மேல் வெளிச்சம் படாமல் இருக்க அதில் இழுத்துத் திறக்கும் மூடி ஒன்று இருக்கும். அந்த ஹோல்டர்தான் காணாமல் போயிருந்தது.

ஆளாளுக்கு ஒரு அளவில் செய்திருக்கிறார்கள் என்பது தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. மதுராந்தகத்தில் ஒரு பழைய ஸ்டுடியோக்காரர் வீட்டுப் பரணில் கிடைத்தது சின்னது. சென்னையில் பழைய சாமான் விற்பவரிடம் இருந்தது பெரியது. எல்லா இடத்துக்கும் அண்ணனே வண்டி ஓட்டினார். முதலில் தெருமுனையில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். கேமராவின் பின்சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணி மட்டும் உள்ளே போவார். நாலைந்து இடம் போன பிறகு, அண்ணி விளக்கிச் சொல்வது அவருக்குப் போதவில்லை. “தள்ளு, நான் சொல்றேன்” என்று இறங்கி வந்து, சட்டம் செருகும் இந்தக் காடி இவ்வளவு ஆழம், இந்த விளிம்பு இப்படி என்று கடைக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார். வெண்மை படர்ந்த அந்தக் கைகளை அவர் அதற்கு முன் வெளியாட்கள் முன்னால் பேண்ட் பையிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு அந்தக் கேமராவின் மேல் ஆசை வந்துவிட்டது. டூட்டி முடிந்து வந்ததும் கருப்புத் துணிக்குள் புகுந்துகொள்வார். வாசலில் தலைகீழாகப் போகும் ஆட்டோவையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

“உள்ள நிம்மதியா கீதுடா” என்றார் ஒருநாள் என்னிடம். “நாம எல்லாரையும் பாக்கலாம். நம்மள எவனும் பாக்க முடியாது.”

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பழைய கதவும் தூணும் விற்கும் பாய் ஒருவர் கடைக்கு மூன்று பேரும் போனோம். அண்ணன் நீட்டிய சட்டத்தைப் பார்த்ததும் பாய்க்குத் தெரிந்துவிட்டது.

“அட, இந்த சட்டமா? நம்மகிட்ட வரிசையா இருந்திச்சே. முகம் பாக்கற கண்ணாடி வெச்சி மாமல்லபுரத்துல ஒரு ரிசார்ட்டுக்குக் குடுத்துட்டேம்மா. கை கழுவப் போற வழில அழகா மாட்டிக்கீறாங்க.”

போனோம். வரவேற்பறையில் இருந்த பையனிடம் அண்ணி உள்ளதை உள்ளபடி சொன்னார். உங்கள் கண்ணாடிகளை அளக்க வேண்டும் என்றார். அவன் மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் எங்களை ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரிகள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, இளநீர் கொடுத்தார். நீளமான நடை, சுவர் முழுக்க ஹோல்டர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கண்ணாடி. அண்ணி குள்ளம். கண்ணாடிகள் உயரத்தில் இருந்தன.

“நீங்கதான் அளக்கணும்” என்று கையோடு கொண்டுவந்திருந்த வெர்னியர் அளவுகோலை அண்ணனிடம் கொடுத்தார்.

அண்ணன் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு முதல் கண்ணாடிக்குப் போய், ஓரத்துக் காடியைப் பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒரு சாண் தூரத்தில் அவர் முகம் அவரையே பார்த்தது. அவர் வெர்னியரை வைத்து அளந்து, “இது ஒரு நூல் ஜாஸ்தி” என்றார். அடுத்ததற்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். ஈரக்கையோடு வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் நகரவில்லை, கடைசிக் கண்ணாடிவரை அளந்தார். அண்ணி பின்னால் நின்று அளவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். இளநீரை அவர் தொடக்கூட இல்லை.

ஒன்றும் பொருந்தவில்லை. திரும்பும் வழியில் பாயிடம் சொன்னபோது, “ரெண்டு தேய்ப்பு தேச்சா கிட்டத்தட்ட ஒக்காந்துடும்மா” என்றார். பாய் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. இடுக்கு வழியாக ஒரு இழை வெளிச்சம் உள்ளே போனால் ஃபிலிம் என்ன ஆகும் என்பதை அண்ணி அவருக்கு அரைமணி நேரம் எடுத்துச் சொன்னார். பாய் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கிடைக்காது என்று தெரிந்ததும் அண்ணி தானே செய்துகொள்வது என்று முடிவுகட்டினார். ஃபிலிமை வைத்து மூடும் எக்ஸ்ரே கேசட் ஒன்றின் முதுகை எடுத்துக்கொண்டார். அதற்கு முன்பக்கச் சட்டம் ஒன்றைக் கேமராவின் காடிக்குச் சரியாகத் தச்சரிடம் இழைக்கச் சொன்னார். இழுத்துத் திறக்கும் மூடிக்கு என் கடையில் இருந்த கருப்பு பிளாஸ்டிக் அட்டை. இருட்டில் வைத்து, டார்ச் அடித்து, ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே போகவில்லை என்று உறுதி செய்துகொண்டார். கேமராவில் செருகியபோது டக்கென்று உட்கார்ந்தது. அண்ணன் கைதட்டினார்.

முதல் படம் எடுக்க மாமல்லபுரம் போனோம். ஆள் நடமாட்டம் குறைந்த வார நாள், காலை நேரம். மண்டபத்துக்கு எதிரே மூன்று காலையும் விரித்ததும் காவலாளி ஓடிவந்தார். இங்கே ஸ்டாண்டு போட அனுமதி வாங்க வேண்டும் என்றார். தள்ளி, கடல் பக்கம் ஒரு சவுக்குத் தோப்போரம், பெரிய பாறை ஒன்றின் முன்னால் அண்ணனை உட்காரவைத்தோம். பக்கத்தில் மகள். கூட்டம் சேர்ந்துவிட்டது. அண்ணன் எழுந்து ஓடிவிடுவார் என்று நான் பயந்தேன். வந்தவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் கேமராவைத்தான் பார்த்தார்கள். ஒருவர், “போட்டோ ஒன்னு எவ்ளோ அண்ணாத்த?” என்று அண்ணனிடமே கேட்டார்.

அண்ணி துணிக்குள் போய் வெகுநேரம் திருகினார். ஹோல்டரைச் செருகினார். மூடியை இழுத்தார். “மூச்சப் புடிங்க” என்று சொல்லி லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மாட்டினார்.

வீட்டுக் குளியலறையில் சிவப்பு விளக்குப் போட்டு ஃபிலிமைக் கழுவினார். அதே அளவு போட்டோத் தாளின் மேல் ஃபிலிமை ஒட்டினாற்போல் வைத்து, வெளிச்சம் காட்டிப் படமும் போட்டார். பார்த்தால், பின்னால் இருந்த பாறையில் உளிபட்ட கீறல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. முன்னால் இருந்த அண்ணனும் மகளும் பனிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் முகத்தில் எது வெள்ளை, எது நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது.

“இதே போதும்” என்றார் அண்ணன் உடனே. “மோசமில்ல. எந்தப் பூச்சும் பூசல. நீ எடுத்த படம். இதையே அனுப்பு.”

“பாறைக்கா மாப்ள பாக்குறோம்?” என்றார் அண்ணி.

மறுபடி எடுத்தார். வீட்டு வாசலில், மாடியில், ஏரிக்கரையில். வெளிச்சம் போதவில்லையோ என்று பார்த்தார், ஃபிலிம் பழையது என்று சந்தேகப்பட்டார், லென்ஸைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு முறையும் பின்னால் இருந்த சுவர், மரம், கம்பி கணீரென்று விழுந்தன. அண்ணன் மட்டும் மங்கலாகவே இருந்தார். மாதங்கள் போயின. தரகர் வருவதை நிறுத்திக்கொண்டார். மகள் ஒருநாள் அம்மாவிடம், “எனக்காகப் பண்றியா, கேமராவுக்காகப் பண்றியா?” என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் நான் போயிருந்தபோது படங்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்தார்.

“இது இருக்கட்டும் தம்பி. லேமினேட் பண்ணிடு. கிட்டத்தட்ட சரியாத்தான் கீது.”

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் கூடத்தில் இருந்த அண்ணன், மகள், நான் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். அவருக்கே அது தெரிந்திருக்கும். எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். அண்ணியை நான் தோற்றவராகப் பார்த்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

மறுநாள் காலை அண்ணன் டூட்டிக்குக் கிளம்பவில்லை. கேமராவின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அண்ணியைக் கூப்பிட்டார். நான் லேமினேட் பண்ண வேண்டிய படத்தை எடுத்துப்போக வந்திருந்தேன்.

“மங்கலா வர்றதுக்குக் காரணம் லென்ஸும் இல்ல, ஃபிலிமும் இல்ல” என்றார். ஒரு ஸ்கேலை எடுத்து மங்கிய கண்ணாடியின் சட்டத்துக்குள் விட்டுக் காட்டினார். பிறகு ஹோல்டருக்குள் விட்டுக் காட்டினார். “கண்ணாடி இவ்ளோ உள்ள கீது. ஒன்னோட ஃபிலிம் அதுக்கு முன்னாடியே வந்து நிக்குது. கண்ணாடில நீ பாக்குறது ஒரு எடம், படம் விழற எடம் வேற. அதான் பின்னாடி கீறது தெளிவா விழுது, நான் மங்கலா கீறேன்.”

அண்ணி ஸ்கேலை வாங்கி, தானே வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரேயில் ஃபிலிம் உடம்பை எவ்வளவு ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு தெளிவு. காலமெல்லாம் அப்படியே செய்த பழக்கத்தில், ஹோல்டருக்குள்ளும் ஃபிலிமை முடிந்தமட்டும் முன்னால் தள்ளி வைத்திருந்தார். ஃபிலிமுக்கும் ஒரு தூரம் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“எப்ப தெரியும் ஒங்களுக்கு?”

“மொத படத்தப் பாத்தப்பவே.”

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வெடி வெடிக்கப்போகிறது என்று நான் கதவோரம் நகர்ந்தேன்.

“ஏன் சொல்லல?”

“மூஞ்சி தெரியாத படமே இருந்துட்டுப் போட்டும்னுதான்.” அண்ணன் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நேத்து நீ கிட்டத்தட்டன்னு சொன்னியே. அது எனக்குத் தாங்கல.”

அண்ணி திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “எத்தினி நூல் பின்னாடி தள்ளணும், அளங்க” என்றார்.

கம்பெனியில் கடைசல் பகுதியில் இருந்த சிநேகிதரிடம் கொண்டுபோய் அண்ணனே அந்த ஆழத்தைச் சரிசெய்து வாங்கிவந்தார். இந்த முறை எங்கேயும் போகவில்லை. வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தார். கழுவி எடுத்தபோது எல்லாம் தெரிந்தது. எக்ஸ்ரே ஃபிலிமுக்குத் தாட்சண்யம் கிடையாது. மாநிறத்தை இன்னும் கருப்பாக்கி, வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கிக் காட்டியது. உதட்டோரத்து முதல் புள்ளியிலிருந்து கழுத்துவரை எங்கள் அண்ணன். அவர் தோளில் மகள் கைவைத்திருந்தாள். அவர் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அந்தப் படத்தை முதலில் பார்க்கவே முடியவில்லை, பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடையில் பிரதி எடுத்து, லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஜாதகத்தோடும் அண்ணி அதை அனுப்பினார்.

“பாத்துட்டு வர்றவன் வரட்டும்” என்றார்.

இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒரு இடத்தில் நட்சத்திரம் பொருந்தவில்லை என்றார்கள். முன்பு தரகர் வெறும் ஜாதகத்தை மட்டும் காட்டியபோது அதே நட்சத்திரம் அவர்களுக்குப் பொருந்தியிருந்தது. அண்ணி அடுத்த உறைக்குள் படத்தைப் போட்டார்.

பிறகு ஒரு குடும்பம் வருவதாகச் சொல்லியனுப்பியது. அன்றைக்கு அண்ணன் டூட்டிக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்திலேயே இருந்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. வெளிச்சம் குறைவான மூலையில், பீரோவை ஒட்டித்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பையன், அவனுடைய அப்பா, அம்மா என்று மூன்று பேர் வந்தார்கள். அந்த அம்மா அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டு, “போட்டோல பாத்த மாரியேதான் கீறீங்க” என்றார். அண்ணன் தலையை ஆட்டினார்.

காபி வந்தது. பேச்சு தொடங்க வேண்டுமே என்று அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்க வேல தம்பி?” என்று பையனைக் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் மறுபடி கேட்டார். அப்போதும் பதில் இல்லை. வீடு தேடி வந்து இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது.

அவன் அம்மா அவன் தோளைத் தொட்டார். அவன் திரும்பியபோதுதான் காதுக்குப் பின்னால் இருந்த சின்ன மெஷினைப் பார்த்தேன்.

“இவனுக்குக் காது சரியா கேக்காதுங்க, மெசின் வெச்சாலும் அரகொறதான்” என்றார் அந்த அம்மா. “இதுக்கு முன்ன போன வூட்டுக்கெல்லாம் மெசினக் கழட்டி வெச்சிட்டுத்தான் இட்டுகினு போனோம். ஒன்னும் புரியாம ஒக்காந்துகினு இருப்பான், திமிரு புடிச்ச பையன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. ஒங்க போட்டோவப் பாத்துட்டு, இந்த வூட்டுக்குக் கழட்ட மாட்டேன்னுட்டான்.”

பையன் அண்ணன் இருந்த மூலையைப் பார்த்தான்.

“மாமா, கொஞ்சம் வெளிச்சத்துல ஒக்காருங்களேன்” என்றான். “ஒங்க மூஞ்சியப் பாத்தாத்தான் நீங்க பேசறது எனக்குப் புரியும்.”

வேறு நாளாக இருந்தால் அண்ணியே நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். அன்று சமையலறை வாசலில் நின்ற இடத்தைவிட்டு அவர் அசையவில்லை. அண்ணன் எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, ஜன்னல் பக்கத்தில், பையனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“எங்க வேல தம்பி?” என்று கேட்டார்.